முட்டைக்கோஸ் அடைத்த கிரேக்க மிளகாய் ஊறுகாய்: அது எந்த நாட்டுக்குச் சொந்தம்?

கிரேக்கச் சாப்பாடு என்றால் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? நீலக் கடல், ஆலிவ் எண்ணெய், தக்காளியும் ஃபெட்டா பாலாடைக்கட்டியும் கலந்த சாலட்... அப்படித்தானே?

அது தெற்குப் பகுதியும் தீவுகளும். வடக்கே, கிரேக்கத்தின் மாசிடோனியா, திரேஸ் வட்டாரங்களுக்குப் போனால் கதையே வேற. அங்கே பனி கொட்டும். ஃப்லோரினா, நாட்டின் ஆகக் குளிரான நகரங்களில் ஒன்று. சிவப்பு மிளகாய்க்கும் அது பேர்போன ஊர்.

குளிர்காலத்தில் தோட்டத்தில் ஒன்றும் விளையாது. அதனால் இலையுதிர் காலத்திலேயே காய்கறிகளைப் போத்தலில் போட்டு வைப்பார்கள். அதில் ஒன்றுதான் முட்டைக்கோஸ் அடைத்த மிளகாய் ஊறுகாய்.

எப்படிச் செய்கிறார்கள்?

நம்ம ஊறுகாய் மாதிரி மிளகாய்த்தூள், பெருங்காயம் எல்லாம் கிடையாது. மிளகாயும் பெரும்பாலும் காரமில்லாத வகைதான். வீட்டுக்கு வீடு கைப்பக்குவம் மாறும். ஆனால் அடிப்படை இதுதான்:

- மிளகாயின் காம்புப் பகுதியை வெட்டி, உள்ளே இருக்கும் விதைகளை எடுத்துவிட வேண்டும்.
- முட்டைக்கோசை மெல்லியதாகச் சீவி, உப்புப் போட்டுப் பிசைந்து வைக்க வேண்டும். தண்ணீர் விட்டதும் நன்றாகப் பிழிய வேண்டும்.
- அதோடு கேரட், செலரி, பார்ஸ்லி, பூண்டு சேர்த்து, மிளகாய்க்குள் இறுக்கமாக அடைக்க வேண்டும்.
- போத்தலில் நெருக்கமாக அடுக்கி, வினிகரும் உப்புநீரும் ஊற்ற வேண்டும். காற்று படாமல் இருக்க, மேலே கொஞ்சம் ஆலிவ் எண்ணெய் விடுவதும் உண்டு.

சில வாரங்களில் ஊறுகாய் தயார். கடித்தால் 'நறுக்'கென்று இருக்கும். சின்னக் கத்திரிக்காயிலும் இப்படிச் செய்வார்கள். அடைத்தது வெளியே வராமல் இருக்க, செலரித் தண்டால் கட்டிவிடுவார்கள்.

ஏன் கெட்டுப்போவதில்லை?

காரணம் புளிப்பு. அந்தப் புளிப்பு 2 வழிகளில் வரும்.

ஒன்று, நேரடியாக வினிகர் ஊற்றுவது. மற்றொன்று, வெறும் உப்புநீரில் ஊறவிடுவது. உப்புநீரில் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் நுண்ணுயிரிகள் பெருகும். அவை காயில் உள்ள சர்க்கரையைப் புளிப்பாக மாற்றும். தோசை மாவு புளிப்பதும் இதே வகை நுண்ணுயிரிகளால்தான்.

அடைத்த ஊறுகாயில் ஒரு சிக்கல் இருக்கிறது. வெளியே புளித்தால் போதாது, நடுவில் இருக்கும் முட்டைக்கோசும் புளிக்க வேண்டும். பிச்எச் அளவு 4.6-க்கு மேல் இருந்தால், காற்றில்லாத போத்தலுக்குள் பொட்டுலிசம் எனும் கொடிய உணவு நச்சை உண்டாக்கும் கிருமி வளரக்கூடும்.

முட்டைக்கோசைப் பிழியாமல் விட்டால் அதன் தண்ணீர் வினிகரை நீர்த்துப்போகச் செய்யும். பாட்டிமார் 'நல்லாப் பிழி' என்று சொல்வதற்குப் பின்னால் அறிவியல் இருக்கிறது!

நீங்கள் வீட்டில் செய்து பார்க்க நினைத்தால், நம்பகமான சமையல் குறிப்பில் சொன்ன வினிகர் அளவைக் குறைக்காதீர்கள். நம்ம ஊர் வெயிலில் போத்தலை வெளியே வைக்காமல் குளிர்பதனப் பெட்டியில் வைப்பதுதான் பாதுகாப்பு.

பெயர் எங்கிருந்து வந்தது?

கிரேக்கர்கள் ஊறுகாயை 'துர்சி' என்பார்கள். துருக்கியில் 'துர்ஷு'. இரண்டுக்கும் வேர் பாரசீகம். அந்த மொழியில் 'துர்ஷ்' அல்லது 'தொர்ஷ்' என்றால் புளிப்பு.

மிளகாயோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி. 1492-இல் கொலம்பஸ் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் மற்ற கண்டங்களுக்குப் பரவியது. புதிய காய்க்குக் கிரேக்கர்கள் என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? மிளகுக்கு அவர்கள் மொழியில் 'பிபேரி'. அதிலிருந்து மிளகாய்க்கு 'பிபெரியா'.

தமிழிலும் அதே கதைதான்: மிளகு, மிளகாய். அந்தப் 'பிபேரி'யும் திப்பிலியைக் குறிக்கும் 'பிப்பலி' என்ற இந்தியச் சொல்லிலிருந்து போனதுதான்.

கோடுகள் மாறின, போத்தல் மாறவில்லை

இதே ஊறுகாய் பல்கேரியாவிலும் உண்டு, செர்பியாவிலும் உண்டு. வட மாசிடோனியா, துருக்கி வீடுகளிலும் செய்வார்கள். செர்பியாவில் இப்படிக் குளிர்காலத்துக்காகச் சேர்த்து வைப்பவற்றை 'ஸிம்னித்ஸா' என்பார்கள். 'ஸிமா' என்றால் குளிர்காலம்.

எப்படி எல்லாருக்கும் ஒரே ஊறுகாய்? இந்த நிலப்பகுதிகள் பல நூற்றாண்டுகள் ஒட்டோமான் பேரரசின்கீழ் இருந்தவை. ஒரே சந்தை, ஒரே மாதிரிக் குளிர். 1912, 1913-இல் நடந்த பால்கன் போர்களுக்குப் பிறகு மாசிடோனியாவைக் கிரேக்கம், செர்பியா, பல்கேரியா பிரித்துக்கொண்டன.

கிரேக்கர்கள் உணவில் தூவும் மிளகாய்ச் செதில்களின் பெயர் 'பூக்கோவோ'. அது ஒரு கிராமத்தின் பெயர். அந்தக் கிராமம் இன்று எல்லைக்கு அப்பால் வட மாசிடோனியாவில் இருக்கிறது.

பெரிய அடி 1923-இல் விழுந்தது. கிரேக்கமும் துருக்கியும் மக்களைப் பரிமாறிக்கொள்ள லொசான் நகரில் உடன்பாடு செய்தன. பார்த்தது மொழியை அல்ல, மதத்தை. போரில் ஏற்கெனவே தப்பி ஓடியவர்களையும் சேர்த்து, சுமார் 1.2 மில்லியன் கிறிஸ்துவர்கள் கிரேக்கத்துக்குப் போனார்கள். ஏறத்தாழ 400,000 முஸ்லிம்கள் துருக்கிக்கு அனுப்பப்பட்டார்கள்.

அகதிகளில் பலர் குடியமர்த்தப்பட்டது இதே வடக்கு வட்டாரங்களில். வீடு, நிலம் எல்லாம் போயிற்று. சமையல் மட்டும் கூடவே வந்தது.

எதோடு சாப்பிடுவார்கள்?

'சிப்புரோ' என்ற மதுபானத்தோடு சின்னச் சின்னத் தட்டுகளில் பரிமாறும் உணவு வகைகளை 'மெஸே' என்பார்கள். அதில் இந்த ஊறுகாய்க்கும் இடமுண்டு.

வீட்டிலே என்றால், 'ஃபசொலாடா' என்ற வெள்ளை மொச்சை சூப்போடு ஊறுகாய் நன்றாகப் பொருந்தும். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்துவர்கள் கிறிஸ்துமசுக்கு முன் 40 நாளும் ஈஸ்டருக்கு முன் பல வாரமும் விரதம் இருப்பார்கள். இறைச்சி, பால், முட்டை கிடையாது. நம்ம வீட்டில் விரத நாளில் ரசமும் ஊறுகாயும் கைகொடுப்பதுபோல, அங்கே மொச்சையும் துர்சியும் கைகொடுக்கும்.

அப்படியென்றால் யாருக்குச் சொந்தம்?

ஹம்முஸ் யாருடையது, ரெண்டாங் யாருடையது என்ற சண்டைகளை நீங்கள் இணையத்தில் பார்த்திருப்பீர்கள். இந்த ஊறுகாய் வேறொரு பதிலைத் தருகிறது. காய் அமெரிக்காவிலிருந்து வந்தது, பெயர் பாரசீகத்திலிருந்து வந்தது, செய்முறை ஒரு பேரரசு முழுக்கப் பரவியது. கிரேக்கர்கள் 'எங்க ஊறுகாய்' என்று சொல்வது உண்மைதான். எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் அதையே சொன்னாலும் அதுவும் உண்மைதான்.

நம் வட்டாரத்திலும் ஓர் உறவு உண்டு. பச்சை மிளகாய்க்குள் துருவிய பப்பாளிக்காயை அடைத்து, வினிகரில் ஊறவைக்கும் பெரனாக்கன் அச்சார். அடுத்த முறை அதைச் சாப்பிடும்போது, அதற்கு எத்தனை ஊர்கள் சொந்தம் கொண்டாடலாம் என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.