சித்தப்பா அனுப்பிய 0-0

டிசம்பர் 20, வெள்ளிக்கிழமை இரவு. புக்கிட் ஜாலிலில் நடுவர் கடைசி விசில் ஊதி இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. கோலாலம்பூரில் என் வீட்டு சோபாவில் உட்கார்ந்திருந்த அப்பாவின் கைப்பேசி 'டிங்' என்றது. எட்டிப் பார்த்தேன். சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா. வணக்கம் கிடையாது, நலமா கிடையாது. 0-0. அவ்வளவுதான்.

அப்பா கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "சாப்பாடு எடுத்து வைம்மா" என்றார். பிறகு சாப்பிடவும் இல்லை.

"ஒரு கோல்கூட விழல, அதுக்கா இந்தப் பாடு?" என்றார் அம்மா. காற்பந்து பார்க்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஆசியான் கிண்ணத்தின் பிரிவுச் சுற்றில் அது கடைசி ஆட்டம். சிங்கப்பூர் கையில் 6 புள்ளி, நம் கையில் 4. அவர்களுக்குச் சமநிலை போதும். நாம் வென்றே ஆகவேண்டும். நம் சொந்த அரங்கில், நம் கூட்டத்தின் முன்னால், தொண்ணூறு நிமிடமும் முட்டி மோதி ஒரு கோலுக்கு வழியில்லை. சிங்கப்பூர் அரையிறுதிக்குப் போனது. ஹரிமாவ் மலாயா வீட்டுக்குப் போனது. 0-4 என்று தோற்றிருந்தால்கூட அப்பா கோபப்பட்டு, கத்தி, தூங்கியிருப்பார். கோலே இல்லாத ஆட்டத்தில் யாரைத் திட்டுவது?

எங்கள் வீட்டில் இந்த ஆட்டத்துக்கு இன்னொரு பெயர் உண்டு: அண்ணன் தம்பி ஆட்டம். தாத்தாவுக்குச் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை. மூத்தவரான அப்பா ஜொகூரில் பாட்டியோடு வளர்ந்தார். இளையவரான சித்தப்பா தாத்தாவோடு அந்தப் பக்கம். ஒருவர் கைக்கு நீல ஐசி வந்தது, இன்னொருவர் கைக்குப் பிங்க் ஐசி. நடுவில் ஒரு கிலோமீட்டர் பாலம். பாலத்தால் வந்த பிரிவு பெரிதாக எதுவும் இல்லை. பாட்டி இறந்தபின் ஜொகூர் வீட்டில் யாருக்கு எவ்வளவு என்று பேச்சு வந்தது பாருங்கள், அதுதான் பிரித்தது. ஏழு வருடமாக இருவரும் பேசிக்கொள்வதில்லை. கல்யாணத்துக்கு வருவார்கள், ஆளுக்கொரு மூலையில் உட்கார்வார்கள்.

ஆனால் மலேசியாவும் சிங்கப்பூரும் மோதினால் மட்டும், வென்றவர் தோற்றவருக்கு ஆட்ட முடிவை அனுப்புவார். எண் மட்டும். 2023 ஜனவரி 3, இதே புக்கிட் ஜாலிலில் நாம் அவர்களை வீழ்த்திய இரவு அப்பா '4-1' என்று அனுப்பினார். நான்கு நாள் யோசித்து சித்தப்பா ஒரு கட்டைவிரலைப் பதிலாக அனுப்பினார். அதையும் அப்பா எங்கள் எல்லாரிடமும் காட்டினார்.

இதை எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். "எழுது, ஆனா 2011 வேணாம்" என்றார். மன்னிக்கணும்பா. அந்த ஜூலையில் உலகக் கிண்ணத் தகுதிச்சுற்று ஜாலான் புசாரில் நடந்தபோது சிங்கப்பூர் 5-3 என்று வென்றது; ஐந்து நாள் கழித்து புக்கிட் ஜாலிலில் 1-1. மொத்தம் 6-4, நாம் வெளியே. அதற்கு ஏழு மாதம் முன்புதான் கே. ராஜகோபால் பயிற்சியில் சுசுகி கிண்ணத்தை வென்று ஊரே கொண்டாடியிருந்தது. அப்பாவுக்கு அது இன்னும் ஆறவில்லை.

இந்தப் போட்டியின் வேர் தேசிய அணிகளுக்கும் முந்தியது. 1921-இல் மலாயா கிண்ணம் தொடங்கியபோது முதல் இறுதியாட்டத்தில் சிலாங்கூரை வென்றதே சிங்கப்பூர்தான். 1965-இல் நாடு தனியானது. அணி மட்டும் கிண்ணத்தை விடவில்லை. இடையில் ஓரிரு முறை விலகியதைத் தவிர்த்தால், 1994 வரை ஜொகூர், பகாங், சிலாங்கூரோடு அதுவும் ஒரு மாநிலம்போல் ஆடியது. 24 முறை கிண்ணத்தைத் தூக்கியது. அதனால்தான் அப்பா தலைமுறைக்குச் சிங்கப்பூர் வெளிநாட்டு அணியே இல்லை. பக்கத்து வீட்டு அணி. பக்கத்து வீட்டுக்காரனிடம் தோற்றால்தானே அதிகம் வலிக்கும்?

1994 டிசம்பர் 17, ஷா ஆலாம் அரங்கம். எல்லை தாண்டிப் பேருந்து பேருந்தாகச் சிவப்புச் சட்டைகள் வந்த நாள். சித்தப்பாவும் அப்பாவும் ஒரே பேருந்தில் போனார்கள். அப்பா அன்றைக்கு மட்டும் பகாங் ரசிகர். சிங்கப்பூர் 4-0, அப்பாஸ் சாட் மட்டும் மூன்று கோல். திரும்பும் வழியெல்லாம் தம்பி பாடிக்கொண்டே வந்தாராம், அண்ணன் தூங்குவதுபோல் நடித்தாராம். அடுத்த ஆண்டு சிங்கப்பூர் விலகிவிட்டது. காரணம், டிக்கெட் வசூலில் யாருக்கு எவ்வளவு என்ற தகராறு. பங்குத் தகராறு எங்கள் குடும்பத்துக்கு மட்டும் சொந்தமில்லை என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகவே இருந்தது.

நான் நேரில் பார்த்தது 2014 நவம்பர் 29, காலாங்கின் புதிய தேசிய அரங்கில். மூன்று டிக்கெட்டும் சித்தப்பாவின் செலவு. அவர் சிவப்பு, அப்பாவும் நானும் மஞ்சள். 83-ஆவது நிமிடத்தில் கைருல் அம்ரி 1-1 ஆக்கினார். அந்தச் சமநிலையே சிங்கப்பூருக்குப் போதும். சித்தப்பா எழுந்து அப்பாவின் தலையைப் பிடித்து உலுக்கினார். கூடுதல் நேரத்தில் நமக்குப் பெனால்டி. சாபிக் ரஹிம் அடித்தார். கோல்காவலரும் சேர்ந்து முன்னால் ஓடியதில் காலிக் கோலுக்குள் இந்திரா புத்ரா மூன்றாவதைத் தட்டிவிட்டார். 3-1. அப்பா கத்தவே இல்லை. தம்பியின் தோளில் கைபோட்டு, "வா, டீ குடிக்கலாம்" என்றார். சித்தப்பா அன்று டீ குடித்தாரா என்று எனக்கு நினைவில்லை. இருவரையும் நான் சேர்ந்து பார்த்த கடைசி ஆட்டம் அது.

சரி, டிசம்பர் 21 சனிக்கிழமைக்கு வருகிறேன். காலை நிகழ்ச்சியில் திட்டமிட்டிருந்த தலைப்பை ஓரமாக வைத்துவிட்டு, "நேற்று இரவு தூங்குனீங்களா?" என்று மட்டும் கேட்டேன். தொலைபேசி வரிசை நிரம்பிவிட்டது. நான் எதிர்பார்த்தது சிங்கப்பூரைத் திட்டும் அழைப்புகளை. ஒன்றுகூட வரவில்லை. எல்லாரும் நம் ஆட்டக்காரர்களைத்தான் வறுத்தெடுத்தார்கள். கம்போடியாவோடு 2-2 ஆன அன்றே கதை முடிந்தது என்றார் ஒருவர். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

எனக்கு மறக்காத அழைப்பு பாசிர் கூடாங்கிலிருந்து வந்தது. துவாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்யும் இளைஞர். விடியற்காலை நாலரைக்கு மோட்டாரை எடுத்தால்தான் குடிநுழைவு வரிசையைத் தாண்ட முடியும். "தோத்தது பரவாயில்ல சிஸ். திங்கக்கிழமை நான் போகணும்லா. என் சூப்பர்வைசர் சிங்கப்பூர்காரரு, அவரும் தமிழருதான். லாக்கர்ல என்னத்த ஒட்டி வெச்சிருப்பாரோ!" என்றார். போன முறை 4-1 என்று பெரிய எழுத்தில் ஒட்டியது யார் என்று கேட்டேன். சிரித்தார். அவர்தான். திங்கட்கிழமை மாலை நிலையத்தின் வாட்ஸ்அப்புக்குப் படம் அனுப்பியிருந்தார்: லாக்கர் கதவில் இரண்டு டோனட்.

இன்னொரு அழைப்பு, ஈப்போவிலிருந்து ஒரு பெரியவர். ஆட்டத்தைப் பற்றி அவர் பேசவேயில்லை. 'ஸ்பைடர்மேன்' ஆர். ஆறுமுகத்தின் நீண்ட கைகளைப் பற்றிப் பேசினார். 1988-இல் கார் விபத்தில் அவர் போன செய்தி கேட்ட நாளைப் பற்றிப் பேசினார். "அந்தக் காலத்துல சுந்தரமூர்த்தி சிங்கப்பூருக்கு ஆடுவான். நமக்கு எதிராத்தான் ஆடுவான். அவன் காலுக்குப் பந்து போனா நாங்க கைதட்டுவோம், கோல் அடிச்சிடக்கூடாதேன்னும் வேண்டிக்குவோம்" என்றார். அவர் சொன்ன அதே சுந்தரமூர்த்தி பின்னாளில் லயன்ஸ் 12 அணிக்குப் பயிற்சியாளராக வந்து, 2013-இல் மலேசிய சூப்பர் லீக்கையே சிங்கப்பூருக்குத் தூக்கிக்கொண்டு போனார். இன்று இரு அணிப் பட்டியலிலும் நம் பெயர்களைத் தேட வேண்டியிருக்கிறது. பெரியவரின் குரல் உடைந்தது அந்த இடத்தில்தான். விளம்பரத்துக்குப் போகவேண்டிய நேரம், நான் போகவில்லை. அதற்குப் பின்னால் திட்டு வாங்கினேன், அது வேறு கதை.

பதினெட்டு வயது அழைப்பாளர் ஒருவர், "சிஸ், லிவர்பூல் பத்திப் பேசலாமா?" என்று கேட்டதையும் சொல்லியாக வேண்டும். அவரைக் குறை சொல்லமாட்டேன். நல்ல காற்பந்து எங்கே காட்டுகிறார்களோ அங்கேதான் பிள்ளைகள் போவார்கள். ஆனால் லிவர்பூல் தோற்றால் திங்கட்கிழமை லாக்கரில் டோனட் ஒட்ட ஆன்ஃபீல்டிலிருந்து யாரும் வரப்போவதில்லையே.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அப்பா, அம்மாவை ஜொகூரில் கொண்டுபோய் விட்டேன். 26-ஆம் தேதி அரையிறுதியின் முதல் ஆட்டம். ஜாலான் புசாரில் சிங்கப்பூரும் வியட்நாமும். நமக்குச் சம்பந்தமில்லாத ஆட்டம் என்று சொல்லிக்கொண்டே அப்பா ஏழரைக்கே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்துவிட்டார். தொண்ணூறு நிமிடமும் கோல் இல்லை. சிங்கப்பூர்ப் பையன்கள் விட்டுக்கொடுக்காமல் ஆடினார்கள். ஒரு கட்டத்தில் அப்பா, "அடிச்சு வெளிய அனுப்புடா!" என்று கத்தினார். யாருக்காகக் கத்துகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. நீண்டுகொண்டே போன கூடுதல் நேரத்தில் பெனால்டியில் ஒரு கோல், அதன்பின் இன்னொரு கோல். 0-2.

அப்பா கைப்பேசியை எடுத்தார். பழிதீர்க்கும் நேரம் என்று நினைத்தேன். எண்களைத் தட்டினார், அழித்தார். மறுபடி தட்டினார், மறுபடி அழித்தார். அப்புறம் பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டார். ஏழு வருடத்தில் முதல் தடவை.

"அண்ணே" என்று அந்தப் பக்கம் குரல் வந்தது எனக்கும் கேட்டது.

"என்னடா, கடைசியில இப்படி விட்டுட்டானுங்க" என்றார் அப்பா.

பதினோரு நிமிடம் பேசினார்கள். எல்லாம் காற்பந்துதான். நடுவர், பெனால்டி, தற்காப்பு, 1994 பேருந்து. வீட்டைப் பற்றி, பங்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்மா அடுப்படி வாசலில் கரண்டியோடு அசையாமல் நின்றார். வைக்கப்போகும் நேரத்தில் சித்தப்பா ஏதோ கேட்டார். அப்பா ஜன்னல் வழியே பின்கட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ரம்புத்தானா? காய்ச்சிருக்குடா. மழையில பாதி உதிர்ந்துபோச்சு. மீதி மரத்துலதான் இருக்கு."