லாரி ஓட்டுநர்களை வாட்டும் முதுகுவலி: தடுப்பது எப்படி?

நெடுந்தொலைவு சரக்கு லாரி ஓட்டுவோரிடம் இடுப்பு, கழுத்து வலி பரவலாகக் காணப்படுகிறது. நீண்ட நேரம் அமர்ந்திருப்பது மட்டுமன்றி, வாகன அதிர்வும் இதற்குக் காரணமாகும். வினாடிக்குச் சுமார் 4 முதல் 8 முறை நிகழும் மேல்கீழ் அதிர்வு, அமர்ந்திருப்பவரின் முதுகெலும்பின் இயல்பான அதிர்வெண்ணோடு ஒத்திருப்பதால் உடலுக்குள் மேலும் பெருகுகிறது. அதைத் தாங்க முதுகுத் தசைகள் ஓயாமல் இறுகுகின்றன.

எனவே தடுப்பு இருக்கையிலிருந்தே தொடங்க வேண்டும். ஓட்டுநரின் எடைக்கேற்பச் சரிசெய்யப்படாத காற்றழுத்த இருக்கையால் முழுப் பயன் கிடைக்காது. கிளட்சை முழுவதும் அழுத்தும்போதும் முழங்கால் சற்று மடங்கியும், முதுகு சாய்மானத்தில் பதிந்தும் இருக்க வேண்டும். பின்புறப் பையிலுள்ள பணப்பையை எடுத்துவிடுவது செலவில்லாத திருத்தம். அது இடுப்பை ஒருபுறம் சாய்த்துவிடும்.

வண்டியை நிறுத்தியவுடன் சுமை தூக்குவது ஆபத்தானது. களைத்த தசைகளுக்குச் சில நிமிட நடை அவசியம். கேபினிலிருந்து குதிக்காமல், கைப்பிடியைப் பற்றி, வண்டியை நோக்கியவாறு இறங்க வேண்டும்.

1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரப் பணியையும், அதிகபட்சம் 5 மணி நேரத்துக்குப் பின் அரை மணி நேர ஓய்வையும் வகுத்தது. சரக்குக் கெடு நெருங்கினால் முதலில் பறிபோவது இந்த ஓய்வுதான். 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரக லாரிகளில் குளிர்சாதன கேபின் கட்டாயமாக்கப்பட்டது. அது வெப்பத்தைத் தணிக்குமே தவிர அதிர்வைக் குறைக்காது.

முதுகுவலியுடன் கால் மரத்துப்போதலோ, சிறுநீர் கழிப்பதில் சிரமமோ ஏற்பட்டால், வலி மாத்திரையுடன் பயணத்தைத் தொடராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.