காணும் பொங்கலும் செட்டிகுளமும்

காணும் பொங்கலன்று செஞ்சிக் கோட்டைக்கு மக்கள் திரண்டு வருவது வழக்கம். சென்ற ஆண்டு நானும் நண்பர்களோடு சென்றேன். ராஜகிரி ஏறி இறங்கிய களைப்பில், செட்டிகுளக் கரை மேடையில் அமர்ந்து புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். அவ்வழியே வந்த முதியவர், "தம்பிகளா, இது தேசிங்குராசனுக்குச் சிதை மூட்டிய இடமப்பா" என்றார். எடுத்த கவளம் கையிலேயே நின்றது.

1714ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாபின் பெரும்படையை எதிர்த்து மடிந்த இளைஞன் தேசிங்கு. அவனுடன் மடிந்த தோழன் மகமத்கான், தன் திருமணப் பந்தலிலிருந்தே போருக்கு எழுந்து வந்தான் என்று கதைப்பாடல் கூறும். தன் திருநாளையே துறந்தவனுக்கு நம் திருநாளில் சில நிமிடம் தரலாகாதா?

அதற்காக விடுமுறையில் சிரிக்கவே கூடாது என்பதன்று. தொல்காப்பியம் நடுகல்லுக்கு ஆறு நிலைகள் வகுக்கிறது. அவற்றுள் ஐந்தாவதான பெரும்படை, கல்லுக்குப் படையலிடுவது. நம் முன்னோர் வீரனை விருந்தோடுதான் நினைத்தனர். ஆனால் அவனுக்குப் படைத்த பின்பே தாம் உண்டனர்.

அன்று நாங்களும் மேடையை விட்டிறங்கிச் சற்று நேரம் மௌனமாக நின்றோம். பிறகு மரநிழலில் அமர்ந்து உண்டோம். சிரித்துப் பேசிக்கொண்டேதான் உண்டோம்.