ஒரு சிட்டிகை வெயில்

"வெயில் ஒரு டிகிரி ஏறினால் புழுக்கம் எவ்வளவு ஏறும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கைபேசிச் செயலிகள் கொட்டை எழுத்தில் காட்டும் 'உணரும் வெப்பம்' என்ற எண்ணைவிட இந்தக் கேள்விதான் முக்கியம். அந்த எண், நிழலில் மெல்லிய காற்றில் நிற்பவருக்கானது. நேர் வெயிலில் 15 பாரன்ஹீட் டிகிரிவரை கூடலாம் என்கிறது அமெரிக்க தேசிய வானிலைச் சேவை. தலைப்புச் செய்திகள் இதைச் சொல்வதில்லை.

அந்தச் சேவையின் பாரன்ஹீட் 'உணரும் வெப்பம்' அட்டவணையில் ஈரப்பதத்தை 70 சதவீதத்தில் கட்டிப்போடுங்கள். வெப்பநிலை 88 என்றால் உடம்பு உணர்வது 100. 90 என்றால் 105. 92 என்றால் 112. 90-லிருந்து ஏறினால் டிகிரிக்கு 3.5, இறங்கினால் 2.5. சராசரி 3. வளைவு ஏறுபக்கம் மிகையாகவும் இறங்குபக்கம் குறைவாகவும் காட்டும் பிழைகள் சராசரியில் பெரும்பாலும் அடிபட்டுப்போகின்றன. மற்றதைக் கட்டிப்போட்டு ஒன்றை மட்டும் அசைக்கும்போது கிடைக்கும் சரிவுதான் பகுதி வகைக்கெழு; இந்த 3 அதன் மதிப்பீடு. இனி வெப்பநிலையை 90-ல் நிறுத்தி ஈரப்பதத்தை அசைத்தால், 65 சதவீதத்தில் 103, 75-ல் 109, சதவீதத்துக்கு 0.6. ஆக, அந்த இடத்தில் ஒரு டிகிரி வெயிலும் ஐந்து சதவீத ஈரமும் ஒரே எடை.

அட்டவணையின் வேர் ராபர்ட் ஸ்டெட்மன் 1979-ல் வெளியிட்ட ஆய்வு. பகுதி வகைக்கெழுவுக்கு வளைந்த '∂' குறியை லெஜாந்தர் 1786-லேயே எழுதிவிட்டார். வரலாறு இவ்வளவு போதும்.

பகுதி வகைக்கெழுவின் வரையறை, அசைக்கும் இடைவெளியைப் பூச்சியத்தை நோக்கிச் சுருக்கச் சொல்கிறது. எதுவரை சுருக்கலாம்? ரசத்தில் புளியைத் தொடாமல் உப்பை மட்டும் கூட்டிப் பாருங்கள். ஒரு கரண்டி போட்டால் அது வேறு ரசம். ஒரே ஒரு பொடிக்கல் போட்டால் நாக்குக்கு எட்டாது. கணினிக்கும் நாக்கு உண்டு; வழக்கமான கணக்கில் சுமார் 16 இலக்கம்வரைதான் அதற்கு ருசி தெரியும். 1-உடன் அதற்கும் சிறிய பொடியைக் கூட்டினால் 1 அப்படியே நிற்கும். பழையதும் புதியதும் ஒரே ரசம், சரிவு பூச்சியம் என்று சாதிக்கும். ஒருபக்கம் மட்டும் நகர்த்தினால் ஏறத்தாழ பத்துக் கோடியில் ஒரு பங்குதான் நல்ல சிட்டிகை. இருபக்கமும் நகர்த்தினால், எனக்கு என்றும் தீராத வியப்பு இது, லட்சத்தில் ஒரு பங்கு என்ற பெரிய சிட்டிகையே இன்னும் துல்லியமான விடை தரும்!

நம் அட்டவணையிலும் இதே கதைதான். எண்கள் முழு எண்களாகவே இருக்க, அரை டிகிரிக்கு ஒரு கட்டம் என்று நுணுக்கி அச்சிட்டாலும், முழுமையாக்கும் பிழையால் அந்த 3 என்பது 2 ஆகவோ 4 ஆகவோ வரக்கூடும்.