தண்ணீர்மலைக் காவடியும் அமேசான் கஷாயமும்

அயவாஸ்கா என்பது தென்னமெரிக்காவின் அமேசான் காட்டுப் பகுதியில் வாழும் பழங்குடி மக்கள் சடங்குகளில் அருந்திவரும் கசப்பான கஷாயம் ஆகும். பானிஸ்டீரியோப்சிஸ் காப்பி என்னும் கொடியின் தண்டை நசுக்கி, பெரும்பாலும் சைக்கோட்ரியா விரிடிஸ் என்னும் செடியின் இலைகளுடன் சேர்த்து மணிக்கணக்கில் கொதிக்கவைத்து அதை இறக்குகிறார்கள். இலையில் உள்ள டி.எம்.டி. என்னும் வேதிப்பொருள்தான் காட்சிகளை எழுப்புவது. ஆனால் அதைத் தனியாக விழுங்கினால் குடலிலும் கல்லீரலிலும் உள்ள ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும் என்பதால், அந்த நொதியை முடக்கும் ஹார்மின், ஹார்மலைன் போன்ற பொருள்களைக் கொண்ட கொடியும் உடன் தேவைப்படுகிறது. குடித்தவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் மயக்கம் ஏறத் தொடங்கி, வாந்தியும் நிறக்காட்சிகளும் பழைய நினைவுகளுமாகச் சுமார் நான்கு மணி நேரம் நீடிக்கும். பெரு நாடு 2008ஆம் ஆண்டில் இதன் மரபுப் பயன்பாட்டைத் தன் தேசியப் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. அதற்கு முன்பே தொடங்கிவிட்ட வெளிநாட்டுப் பயணிகளின் வருகை அதன்பின் மேலும் பெருகி, காட்டோர ஊர்களில் ஒரு வாரம் தங்கிக் கஷாயம் குடிக்கும் முகாம்கள் இன்று ஒரு தொழிலாகவே நடக்கின்றன.

ஒரே பானையிலிருந்து ஒரே அளவு குடித்த இருவரில் ஒருவர் இறந்த தாயைக் கண்டு அழுது தேறுவதும், மற்றவர் விடியும்வரை பாம்புகளுக்கு அஞ்சி நடுங்குவதும் இம்முகாம்களில் வழக்கமான செய்தி. இந்த வேறுபாட்டை விளக்க ஆய்வாளர்கள் இரண்டு காரணிகளைச் சுட்டுகிறார்கள்: குடிப்பவர் தம்முடன் கொண்டுவரும் எதிர்பார்ப்பு, அச்சம், ஆயத்தம் ஆகியவை அடங்கிய மனநிலை ஒன்று, இடம், இசை, உடனிருப்போர், வழிநடத்துவோர் ஆகியவை அடங்கிய சூழல் மற்றொன்று. 1960களில் அமெரிக்க உளவியலாளர் திமோதி லியரி இந்த இணையைப் பரவலாக்கினார் என்றாலும், மானிடவியலாளர் அந்தோனி வாலஸ் 1959இலேயே இதற்குச் சான்று காட்டியிருந்தார். பெயோட்டி என்னும் கள்ளியைச் சடங்கில் உண்ட அமெரிக்கப் பழங்குடியினர் பயபக்தியும் ஆறுதலும் அடைந்ததையும், அக்கள்ளியில் உள்ள மெஸ்கலினையே மருத்துவமனைச் சூழலில் பெற்ற வெள்ளையர் மனநிலை தாறுமாறாக ஏறி இறங்கியதையும் அவர் ஒப்பிட்டுக் காட்டினார். பின்னர் 1984இல் நார்மன் ஜின்பெர்க், போதைப்பொருளின் விளைவை மதிப்பிடப் பொருள், மனநிலை, சூழல் ஆகிய மூன்றையும் சேர்த்தே நோக்க வேண்டும் என்று ஒரு நூலே எழுதினார்.

இவ்விரு காரணிகளின் பங்கு எவ்வளவு பெரிது என்பதை அண்மை ஆய்வுகள் சற்றுச் சங்கடமாகவே உணர்த்துகின்றன. 2021இல் வெளியான ஓர் ஆய்வில், முகாம்களில் ஏற்கெனவே பழகிய 30 பேரில் 14 பேருக்கு அயவாஸ்காவும் 16 பேருக்கு வீரியமற்ற போலி மருந்தும் அளிக்கப்பட்டன; பதற்றமும் மனச்சோர்வும் இரு குழுக்களிலும் குறைந்தன, குழுக்களிடையே அதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தினர் அதற்கு முந்தைய ஆண்டு வெளியிட்ட ஆய்வில், விருந்துபோல் வண்ண விளக்கும் இசையும் அமைத்து 33 மாணவர்களுக்கு வெறும் மாத்திரை கொடுக்கப்பட்டபோது, அவர்களில் 61 விழுக்காட்டினர் ஏதோ ஒரு விளைவை உணர்ந்ததாகக் கூறினர். கஷாயத்துக்கு ஆற்றல் இல்லை என்று இவற்றைக் கொண்டு முடிவுகட்ட முடியாது. எனினும், கஷாயத்தின் கணக்கில் எழுதப்பட்டுவரும் பலவற்றை வேறு கணக்குக்கு மாற்ற வேண்டியிருக்கிறது.

மலேசியாவில் டி.எம்.டி. 1952ஆம் ஆண்டின் அபாயகர மருந்துகள் சட்டத்தால் தடுக்கப்பட்ட பொருள் என்பதால், பினாங்கில் அயவாஸ்கா முகாமைத் தேடுவது சிறைக்கு வழி தேடுவதாகவே முடியும். ஆனால் மனநிலையும் சூழலும் எந்தக் கஷாயத்தின் துணையும் இன்றி மனிதரை எங்கே கொண்டுசெல்லும் என்பதை அறிய, பினாங்கின் ஜார்ஜ் டவுனைவிடப் பொருத்தமான ஊர் அரிது. ஆண்டுதோறும் தைப்பூசத்தன்று தண்ணீர்மலை அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயத்தின் 513 படிகளையும் காவடியுடன் ஏறுவோரில் கணிசமானோர், அருள் வந்த நிலையில்தான் ஏறுகிறார்கள்.

அந்நிலைக்கான ஆயத்தம் பல நாள்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. காவடி எடுப்பவர் நேர்ந்துகொண்டதற்கேற்ப ஒரு மண்டலமோ அதற்குக் குறைவாகவோ விரதமிருந்து, புலால் நீக்கி, பலர் ஒருவேளை மட்டும் உண்டு, தரையில் பாய் விரித்துப் படுத்து, தாம்பத்தியம் விலக்கி, தினமும் முருகனை வழிபடுகிறார். அமேசானிலும் கஷாயத்துக்கு முன் உப்பு, சர்க்கரை, பன்றியிறைச்சி, உடலுறவு ஆகியவற்றை விலக்கும் நோன்பு ஒன்று உண்டு. இரு சமூகத்தாரும் ஒருவரையொருவர் அறியாமலே ஏறக்குறைய ஒரே பட்டியலை வந்தடைந்திருப்பது கவனிக்கத்தக்கது. விரதத்தால் உடல் இளைப்பது ஒருபுறமிருக்க, அதனினும் முக்கியமானது, குறித்த நாளில் இன்னது நிகழும் என்னும் உறுதி நாள்தோறும் மனத்தில் இறுகிவருவதே. பிள்ளை பிழைத்ததற்கான நேர்த்திக்கடன், தேர்வில் தேறியதற்கான நன்றி, தீராத நோய்க்கான வேண்டுதல் எனக் காரணம் எதுவாயினும், காவடிக்காரர் தாம் எதற்காக நடக்கிறோம் என்று தெரிந்தே நடக்கிறார்.

சூழலைப் பொறுத்தவரை, பினாங்கு ஒரு நகரத்தையே அதற்கு ஈடுபடுத்துகிறது. பூசத்துக்கு முந்திய நாள் லெபோ பினாங்கில் உள்ள நாட்டுக்கோட்டை செட்டியார்களின் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதமும், 2017 முதல் லெபோ குவீன் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வேல் தாங்கிய தங்க ரதமும் புறப்பட்டு, தண்ணீர்மலை அடிவாரம் நோக்கி மெல்ல நகர்கின்றன. ரதம் வரும் பாதையில் குவித்து வைத்த தேங்காய்களை இந்துக்களோடு சீனர்களும் சிதறு உடைக்க, தார்ச்சாலை தேங்காய் நீரில் நனைகிறது. மறுநாள் காலை, குளித்து மஞ்சள் வேட்டியுடன் நிற்பவரைச் சுற்றி உறவினர் கூடி நிற்க, சாம்பிராணிப் புகை முகத்தில் படிய, வளைந்த குச்சி தோலில் உரசுவதால் எழும் உறுமியின் முனகல் மெதுவாகத் தொடங்கி விரைவு கொள்ள, "வேல், வேல்" என்ற முழக்கம் அதனுடன் சேர்ந்துகொள்கிறது. கண்கள் நிலைகுத்தி, உடல் பின்னோக்கிச் சாய்ந்து, முழங்கால் நடுங்கத் தொடங்கியதும் பூசாரி நெற்றியில் விபூதி பூசிவிட்டு, நீட்டிய நாக்கிலோ கன்னத்திலோ அலகு குத்துகிறார். முதுகில் மாட்டும் கொக்கிகளில் எலுமிச்சம்பழமோ சிறு பால்செம்போ தொங்கும். வலி உணர்வு குறைவதற்கு மூளையில் சுரக்கும் எண்டார்ஃபின் காரணமாகலாம் என்று சிலர் கருதுகின்றனர். ஆயினும் அருள் வந்தவர் சாலையில் போக்குவரத்துக் காவலர் கைகாட்டினால் நிற்கிறார், பந்தலில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார், படி எண்ணிக்கை தவறாமல் ஏறுகிறார். இது நினைவு தவறிய நிலை அன்று.

அதே நாளில் அதே முருகனுக்கு அதே மலைக்குச் செல்லும் செட்டியார்கள், பெரும்பாலும் அலகு இன்றி, மயிற்பீலி செருகிய மரக்காவடியைக் குழுவாகத் தோளேற்றி, வரிசை குலையாமல் ஆடிச் செல்கிறார்கள். அவர்களிடம் பக்தி குறைவு என்று எவரும் சொல்லமாட்டார். அவர்கள் மரபு அவர்களிடம் எதிர்பார்ப்பது வேறு, அவர்களுக்கு நேர்வதும் வேறு. பினாங்குத் தைப்பூசத்தைப் பற்றி 1997இல் நூல் எழுதிய எலிசபெத் ஃபுல்லர் காலின்ஸ், வழிபாட்டு முறைகளிடையே உள்ள இத்தகைய வேறுபாட்டைச் சமூக மதிப்பு, அதிகாரம் ஆகியவற்றுடன் இணைத்து ஆராய்ந்தார். அமேசான் ஆய்வுகளில் ஆளுக்கு ஆள் மாறும் மனநிலை என்று மட்டும் பேசப்படுவது, இங்கே சமூகத்துக்குச் சமூகம் மாறும் ஒன்றாகத் தெரிகிறது என்பதே இந்த ஒப்பீட்டின் பயன்.

சூழலின் ஓர் உறுப்பை மட்டும் நீக்கினால் என்னவாகும் என்பதைச் சிங்கப்பூர் அறியாமலே சோதித்துப் பார்த்தது எனலாம். ஒழுங்கு கருதி 1973 முதல் அங்கே தைப்பூச ஊர்வலப் பாதையில் இசைக்கருவிகள் தடை செய்யப்பட்டன. மேளமின்றிக் காவடி சுமப்பது கடினம் என்று பக்தர்கள் தொடர்ந்து முறையிட்டுவந்த பின், 2016இல் மூன்று இடங்களில் மட்டும் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. அமேசான் சடங்கில் இகாரோ எனப்படும் பாடல்களை வழிநடத்துவோர் இரவு முழுதும் பாடுவதும், ஒருவர் தடுமாறும்போது அவருக்கருகே வந்து பாடுவதும் இதே தேவைக்குத்தான்.

தைப்பூசம் குறித்து 1984இல் விரிவாக எழுதிய உளவியலாளர் காலீன் வார்ட், சடங்கில் விரும்பி ஏற்கும், குறித்த நேரத்தில் தணியும், சமூகம் மதிக்கும் ஆவேசத்தையும், விரும்பாமல் பீடித்து நெடுநாள் நீடிக்கும், நோயாகக் கருதப்படும் ஆவேசத்தையும் பிரித்துக் காட்டியவர். முன்னது கற்றுக்கொள்ளக் கூடியது. தைப்பூசத்துக்கு முந்திய வாரங்களில் குருசாமியின் முன்னிலையில் புதியவர்கள் பழகுவதையே "தைப்பூசத்துக்கான பயிற்சி" என்று தலைப்பிட்டு 1988இல் ரொனால்ட் சைமன்ஸும் வேறு இருவரும் ஆராய்ந்தார்கள். பழகாதவருக்கு வருவதும் உண்டு. விரதம் ஏதுமின்றித் தண்ணீர்ப் பந்தலோரம் வேடிக்கை பார்த்து நிற்கும் பெண் ஒருவர் உறுமி நெருங்கியதும் ஆடத் தொடங்கினால், பக்கத்தில் நிற்போர் பதறுவதில்லை. தலைமுடியை ஒதுக்கி, தோளைப் பிடித்து, விபூதி இட்டு, "மலையேறு தாயே" என்கிறார்கள், சாமியும் மலையேறிவிடுகிறது. என்ன செய்ய வேண்டும் என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

பயணிகளுக்கான அயவாஸ்கா முகாம்களில் இல்லாதது இதுதான். கூரை வேய்ந்த வட்டக்கூடம், பாடல், புகை, நோன்பு அனைத்தையும் அவை கொண்டுவந்துவிடுகின்றன. ஆனால் உடன் அமர்ந்திருப்போர் பல நாடுகளிலிருந்து அன்று சந்தித்த அந்நியர்கள், பாடலின் மொழி பலருக்கும் புரியாதது, வாரம் முடிந்ததும் ஒவ்வொருவரும் தனித்தனி விமானத்தில் திரும்பிவிடுவார்கள். கஷாயமோ தன் பங்குக்கு உண்மையான ஆபத்தையும் கொண்டது: மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளோடு சேர்ந்தால் செரட்டோனின் அளவு அபாயகரமாக உயரலாம், மனச்சிதைவு வரலாறு உள்ளவருக்கு நோய் கிளர்ந்தெழலாம். நல்ல எண்ணமும் இனிய இசையும் இவற்றைத் தடுக்கமாட்டா. பினாங்கிலும் எல்லாம் சீராக நடப்பதாகக் கொள்ள வேண்டாம். திரைப்பாட்டு மெட்டும் காட்சிக்கான அதீத அலங்காரமும் விரதத்தின் இடத்தைப் பிடிக்கும்போது மலேசிய இந்து சங்கம் கண்டித்துவந்திருக்கிறது.

மலையுச்சியில் பாலை அபிஷேகத்துக்குக் கொடுத்த பின், அலகு உருவப்பட்டு, குத்திய இடத்தில் விபூதி அழுத்தப்படுவதோடு காவடிக்காரரின் கடமை தீர்ந்துவிடுவதில்லை. மலைகளைச் சுமந்துவந்து முருகனிடம் தோற்றுப் பின் அடியாரான இடும்பனுக்கு, மூன்றாம் நாள் வீட்டில் உற்றார் சூழப் படையலிட்டு இடும்பன் பூசை முடித்த பின்னரே விரதம் கழித்து வழக்கமான உணவுக்குத் திரும்புகிறார். இறங்கிவருவதற்கும் நாளும் முறையும் ஆட்களும் வேண்டும் என்பதை அயவாஸ்கா முகாம்கள் இப்போதுதான் உணர்ந்து, ஊர் திரும்பியவர்களுடன் கணினித் திரை வழியே சில வாரங்கள் பேசும் ஏற்பாடுகளைத் தொடங்கியிருக்கின்றன. அவற்றுக்குத் தனிக் கட்டணம் வாங்குவோரும் உண்டு.