மூச்சுக்கு முதலில், கைக்கு அப்புறம்

நீச்சல் குளத்தில் நிற்காமல் ஒரு மணி நேரம் நீந்தத் தெரிந்தவருக்கு அடுத்து வரும் ஆசை கடல்; கடல் பக்கத்தில் இல்லையென்றால் ஏரி. அதற்கு அவர் செய்துகொள்ளும் ஆயத்தமும் பெரும்பாலும் ஒன்றுதான், தூரத்தைக் கூட்டுவது. இரண்டு கிலோமீட்டர் நீந்தியவர் மூன்று நீந்துவார், பிறகு ஐந்து. தோளும் நுரையீரலும் பழகிவிட்டால் எந்தத் தண்ணீரும் தண்ணீர்தானே என்பது கணக்கு. குளிர்நீர் மரணங்களை ஆராய்ந்த உடலியலாளர்கள் வேறு கணக்குச் சொல்கிறார்கள். களைத்துப்போய் மூழ்குகிறவர்கள் ஒருபுறம் இருக்க, இறங்கிய இரண்டு மூன்று நிமிடத்துக்குள், கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே, நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இறந்திருக்கிறார்கள். ஆகவே திறந்த நீருக்கான ஆயத்தம் மூச்சிலிருந்து தொடங்க வேண்டும். மூச்சைப் பழக்குவதோ தனியாளாகச் செய்யக்கூடிய காரியம் இல்லை. உள்ளூர் நீச்சல் கிளப்பில் சேருவதை நாம் துணை தேடும் விஷயமாகவும் பொழுதுபோக்காகவும் பார்க்கிறோம். உடலியல் தெரிந்து பார்த்தால் அது பயிற்சியில் சரிபாதி.

தண்ணீர் 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். தோலின் வெப்பம் சடாரென்று இறங்க, அங்குள்ள குளிர் உணரிகள் எல்லாம் ஒரே நேரத்தில் மூளைக்குச் சேதி அனுப்புகின்றன. உடனே வாய் தானாகத் திறந்து இரண்டு மூன்று லிட்டர் காற்றை வெடுக்கென்று இழுக்கிறது. தொடர்ந்து மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறுகிறது. கரையில் ஒரு நிமிடம் மூச்சடக்குகிறவர் இப்போது பத்து வினாடி அடக்குவதே பெரும்பாடு. அந்த முதல் இழுப்பின்போது முகம் நீருக்குள் இருந்தால் உள்ளே போவது தண்ணீர்தான். பதக்கம் வாங்கியவர், வாங்காதவர் என்ற பேதம் நுரையீரலுக்குத் தெரியாது. குளிர் அதிர்ச்சி என்று சொல்லப்படும் இது முதல் அரை நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகத் தணிந்துவிடும். பிரிட்டனின் உயிர்காப்புப் படகு நிறுவனமான ஆர்.என்.எல்.ஐ., தவறித் தண்ணீரில் விழுந்தவர்கள் உடனே நீந்த முயலாமல் மல்லாந்து மிதக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது அந்த நிமிடங்களைத் தாண்டுவதற்காகத்தான். இதயக் கோளாறு உள்ளவர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை உண்டு. குளிர் இதயத்தை முடுக்க, முகம் நனைவது அதையே அடக்க, இரண்டு கட்டளைகளும் ஒன்றாக வந்து துடிப்பு தாறுமாறாகக்கூடும் என்று ஷாட்டக், டிப்டன் என்ற இருவர் 2012-ல் எழுதினார்கள். மருத்துவரைக் கேட்காமல் இதயக் கோளாறு உள்ளவர்கள் இறங்கவே கூடாது.

மற்றவர்களுக்கு நல்ல செய்தி, இந்த அதிர்ச்சியைப் பழகிக் குறைத்துக்கொள்ளலாம். போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தின் மைக் டிப்டனும் சகாக்களும் 1998-ல் வெளியிட்ட சோதனை அதைச் சற்று விசித்திரமான வழியில் காட்டியது. எட்டுப் பேரை, உடலின் வலப்பக்கம் மட்டும் குளிர்நீர் படும்படி, 10 டிகிரி நீரில் மூன்று நிமிடம் இறக்கி, மூச்சையும் இதயத் துடிப்பையும் அளந்தார்கள். அடுத்த நாட்களில் அதே ஆட்களை ஆறு முறை இறக்கினார்கள். இப்போது இடப்பக்கம் மட்டும். கடைசியில் மறுபடி வலப்பக்கம். இடையில் அந்தப் பக்கத்துத் தோலில் குளிர்நீர் படவே இல்லை. அதன் வெப்பமும் முதல் தடவை போலவே இறங்கியது. ஆனாலும் மூச்சு வாங்குவதும் படபடப்பும் குறைந்திருந்தன. இடைப்பயிற்சி பெறாத ஏழு பேருக்கு அப்படிக் குறையவில்லை. ஆக, பழகுவது தோல் இல்லை. உள்ளே, நரம்பு மண்டலத்தின் மையத்தில் ஏதோ பழகுகிறது. ஆறு முறை, முறைக்கு மூன்று நிமிடம்: மொத்தம் 18 நிமிடம். வெதுவெதுப்பான குளத்தில் மாதக்கணக்கில் தூரத்தைக் கூட்டினாலும் கிடைக்காதது இது. இப்படிப் பெற்ற பழக்கத்தின் பலன் 7 முதல் 14 மாதம் வரை நீடிப்பதாக 2000-ல் வந்த அடுத்த ஆய்வு காட்டியது.

பதினெட்டு நிமிடம்தானே, தனியாகவே செய்துகொள்கிறேன் என்று கிளம்புகிறவர் இன்னொரு சோதனையையும் தெரிந்துகொள்ள வேண்டும். மார்ட்டின் பார்வுடும் குழுவினரும் 2013-ல் வெளியிட்டது. இறங்கப் போகிறவர்களிடம் இந்தத் தடவை தண்ணீர் இன்னும் குளிர்ச்சி என்று பொய் சொன்னார்கள். தண்ணீர் மாறவே இல்லை. பயம் மட்டும் கூடியது, அதோடு அதிர்ச்சியும் கூடியது; ஏற்கெனவே குளிருக்குப் பழகியிருந்தவர்களும் தப்பவில்லை. பழக்கம் கொடுத்ததைப் பதற்றம் பறித்துக்கொள்கிறது என்றால், தெரியாத கரையில் ஒற்றை ஆளாக நிற்பவர் தண்ணீரைத் தொடும் முன்பே பாதி பலனை இழக்க வாய்ப்பிருக்கிறது. எங்கே இறங்குவது, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், எவ்வளவு நேரத்தில் ஏறுவது என்று அறிந்த நாலு பேர் பக்கத்தில் இருப்பது வெறும் மனத்தெம்பு மட்டும் இல்லை. அது நாடியிலும் மூச்சிலும் தெரியக்கூடியது என்றே நினைக்கிறேன்.

முதல் நிமிடங்களைத் தாண்டியவருக்கும் தனிமை உதவாது. குளிர் அதிர்ச்சி பழகியதால் உடலின் உள்வெப்பம் இறங்குவது நின்றுவிடாது. அது மெதுவாக வருகிறது, முதலில் விரல்களையும் பிறகு நிதானத்தையும் எடுத்துக்கொள்கிறது. மந்தமாகிவரும் மூளைக்குத் தான் மந்தமாவது தெரிவதில்லை. ஆங்கிலக் கால்வாயை நீந்த விரும்புகிறவர்கள் இதை நன்றாக அறிவார்கள். மேத்யூ வெப் 1875-ல் 21 மணி 45 நிமிடத்தில் முதன்முதலாகக் கடந்த அந்தக் கால்வாய்க்கு இன்று ஒருவர் பெயர் கொடுத்தால், 16 டிகிரியோ அதற்குக் கீழோ உள்ள நீரில் ஆறு மணி நேரம் நீந்திக் காட்ட வேண்டும். கோடையில் டோவர் துறைமுகக் கரையில் அதற்கான பயிற்சி நடக்கும். கூழாங்கல் கரையில் தன்னார்வலர்கள் நின்று கழுத்திலும் அக்குளிலும் வாசலின் தடவி அனுப்புவார்கள். குறித்த நேரத்தில் கரையோரம் வந்தால் வெதுவெதுப்பான பானம் தருவார்கள். உண்மையான நீச்சல் அன்று படகில் இருக்கும் பார்வையாளர் நிமிடத்துக்கு எத்தனை கைவீச்சு என்று எண்ணிக் குறிக்கிறார். அந்த எண் மளமளவென்று சரிந்தால், நீந்துகிறவர் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாலும் நம்புவதில்லை. கரையேறிய பிறகும் உள்வெப்பம் கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும். சிரித்தபடி ஏறியவர் பத்து நிமிடம் கழித்துச் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் நடுங்குவது அதனால்தான். உடனே கார் ஓட்டக் கூடாது, சுடுநீர்க் குளியலுக்கு ஓடக் கூடாது; ஈரத்தைக் களைந்து உலர்ந்த உடை போட்டு, தலையை மூடி, சூடாக ஏதாவது குடிக்க வேண்டும். சொல்ல எளிது. அந்த நேரத்தில் அதைச் செய்ய இன்னொருவர் கை வேண்டும்.

உடலை ஒட்டிப் பிடிக்கும் ரப்பர் உடை இருக்கிறதே என்பார்கள். அது குளிரையும் களைப்பையும் குறைக்கும், மிதக்கவும் உதவும், தொடக்கக்காரர் போட்டுக்கொள்ளட்டும். ஆனால் முகம் வெளியேதான் இருக்கிறது, பதற்றத்துக்கு அதில் மருந்தில்லை. பாக் நீரிணை போன்ற நம் கடலில் குளிர் ஏது என்ற கேள்வி இன்னும் நியாயமானது. குளிர் அதிர்ச்சி அங்கே பெரிய பிரச்சினை இல்லைதான். அதனால் துணை தேவையில்லை என்று ஆகிவிடாது. 2010 அக்டோபரில் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவில், வெதுவெதுப்பான கடலில் நடந்த 10 கிலோமீட்டர் உலகக் கோப்பைப் பந்தயத்தில் அமெரிக்க வீரர் ஃபிரான் கிரிப்பன் இறந்தார். வயது 26. அவர் வந்து சேரவில்லை என்பது மற்றவர்கள் கரையேறிய பிறகுதான் கவனத்துக்கு வந்தது. பின்னர் சர்வதேசப் போட்டிகளுக்கு 31 டிகிரி என்று உச்சவரம்பு வைத்தார்கள். உலகத்தரம் வாய்ந்த நீச்சல்காரரையே யாரும் பார்க்காத சில நிமிடங்கள் கொண்டுபோய்விட்டன.

எனக்குக் கனமாகப் படும் எதிர்வாதம் வேறு: கூட்டம் சேர்ந்தால் வீம்பும் சேரும். 'அவர் இன்னும் ஏறவில்லை, நான் எப்படி ஏறுவது' என்ற நினைப்பு தனியாக நீந்துகிறவருக்கு வராது. உண்மை. எல்லாக் கிளப்பும் ஒன்றில்லை என்பதே இதற்குப் பதில். லண்டன் ஹைட் பார்க்கில் 1864 முதல் இயங்கும் செர்பென்டைன் நீச்சல் கிளப், பீட்டர் பான் கோப்பைக்காகக் கிறிஸ்துமஸ் காலையில் நூறு கஜப் பந்தயம் நடத்துகிறது. உறுப்பினர் அல்லாதவர் அதில் இறங்க முடியாது. உறைநிலையை நெருங்கும் அந்த நீருக்கு உடல் பழகாதவரை ஆர்வத்துக்காக இறக்கிவிடுவதில்லை. கால்வாயிலும் அப்படித்தான்: படகோட்டி போதும் என்றால் போதும், அங்கே மேல்முறையீடு கிடையாது. வேண்டாம் என்று சொல்லத் தெரிந்ததுதான் நல்ல கிளப்.

ஆகவே சேரப் போகும் இடத்தில் பதக்கங்களையும் பயிற்சியாளரின் பழைய சாதனைகளையும் விசாரிப்பதற்கு முன், மூன்று விஷயங்களைக் கேளுங்கள். இறங்கும்போதும் ஏறும்போதும் தலையெண்ணுவது யார்? புதியவரின் முதல் இறக்கம் எத்தனை நிமிடம்? யாரையாவது தண்ணீரிலிருந்து ஏறச் சொன்னது கடைசியாக எப்போது? மூன்றாவது கேள்விக்குச் சிரித்துக்கொண்டே 'இதுவரை அப்படி நேர்ந்ததே இல்லை' என்று பதில் வந்தால், வேறு கிளப் பாருங்கள்.