நனோ துகளும் நம் கைவிரலும்

கடந்த ஆவணியில் தெஹிவளையில் எமது மாதாந்த மகளிர் கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் வீட்டுக்குப் போகாமல் வாசலிலேயே நின்றார். யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். மகன் கனடாவில், மகள் அவருடன்.

“பிள்ளை, நனோ ஸ்கான் எண்டு ஒண்டு வந்திருக்காம். சின்னத் துகளை ஊசியில ஏத்தினால் புற்றுநோய் தொடங்கேக்கையே தெரிஞ்சிடுமாம். மகன் போனில அனுப்பினவன். கொழும்பில செய்யினமோ, சென்னைக்குத்தான் போகவேணுமோ?”

“யாருக்கு அன்ரி?”

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். “எனக்குத்தான். இடப்பக்க மார்பில ஒரு கட்டி. சித்திரை வருசத்துக்கு முன்னமே கண்டனான். நோகேல்லை, அதால விட்டிட்டன்.”

இடையில் ஒருநாள் ஒரு கிளினிக்குக்கும் போயிருக்கிறார். அங்கே தமிழ் தெரிந்தவர் எவரும் இல்லை. “சிங்களத்தில உதை எப்பிடிச் சொல்லுறது? தடிமன் எண்டு சொல்லிப்போட்டு மாத்திரையோட வந்திட்டன்.” மகளுக்குக் கலியாணம் பேசுகிறார்கள். தாய்க்குப் புற்றுநோய் என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்களோ என்ற பயம் வேறு. கலியாணம் முடிந்ததும் இரண்டு காப்பை விற்றுச் சென்னைக்குப் போய் இந்த ஸ்கானைச் செய்வதென்று முடிவெடுத்திருந்தார்.

நான் படித்தது சமூகவியல், மருத்துவம் அல்ல. ஆனாலும் அன்ரி கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லவேண்டும் என்று தோன்றியது. வைத்தியர்களிடம் கேட்டும் வாசித்தும் அறிந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

துகள் என்ன செய்கிறது?

ஒரு மீற்றரை நூறு கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் நனோமீற்றர். எமது தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நனோமீற்றர். எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்காகச் செய்யப்பட்ட இரும்பு ஒட்சைட்டுத் துகளொன்றின் அளவோ ஏறத்தாழ 30 நனோமீற்றர் மட்டுமே. அதன் மேல் டெக்ஸ்ட்ரான் என்னும் சர்க்கரைப் பொருளால் ஒரு பூச்சு உண்டு.

இத்துகளை நாளத்தில் ஏற்றினால் ஏறத்தாழ ஒரு நாளில் அது நிணநீர்க் கணுக்களைச் சென்றடைகிறது. அக்குள், கழுத்து, தொடைச்சந்தி ஆகிய இடங்களில் நெறி கட்டும் என்கிறோமே, அவைதாம் இக்கணுக்கள். நல்ல கணுவில் உள்ள காவற்கலங்கள் துகளை விழுங்கிவிடுவதால் அக்கணு படத்தில் கறுப்பாகத் தெரியும். புற்றுநோய் புகுந்த இடத்தில் அக்கலங்கள் இல்லை. எனவே அது வெள்ளையாகவே நிற்கும். கறுத்தது நல்லது, வெளுத்தது நோய் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சாதாரண ஸ்கானில் கணு பருத்திருக்கிறதா என்பதையே பெரும்பாலும் பார்க்கிறார்கள். சிறிய கணுவுக்குள் நோய் இருந்தால் அது தப்பிவிடும். 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில், புரொஸ்டேட் புற்றுநோய் உள்ள 80 ஆண்களுக்கு இத்துகளை ஏற்றிப் பார்த்தார்கள். நோயுள்ள கணுக்களில் நூற்றுக்கு 35ஐ மட்டுமே சாதாரண எம்.ஆர்.ஐ. காட்டியது. துகள் ஏற்றிய பின் 90ஐக் காட்டியது.

ஆயினும் இது உடனே எல்லா வைத்தியசாலைகளுக்கும் வந்துவிடவில்லை. 2005இல் அமெரிக்காவின் ஆலோசனைக் குழு போதிய சான்று இல்லையென்று கூறி இம்மருந்தை ஆதரிக்க மறுத்தது. 1996இல் ஈரல் கட்டிகளைப் பார்ப்பதற்கு அனுமதி பெற்ற இன்னோர் இரும்புத் துகள் மருந்தும் பின்னர் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது.

மார்பகப் புற்றுநோயில் இத்தகைய துகளுக்கு வேறொரு பயன் உண்டு. முன்பெல்லாம் அறுவைச்சிகிச்சையின்போது அக்குளில் உள்ள கணுக்களைப் பெருமளவில் அகற்றிவிடுவார்கள். அதனால் கை வீங்கி, வாளியில் தண்ணீர் தூக்கவும் முடியாமல் சில பெண்கள் அவதிப்பட்டார்கள். இப்போது நோய் முதலில் சென்றடையக்கூடிய காவற்கணுவை மட்டும் எடுத்துப் பார்க்கும் முறை உண்டு. அக்கணுவைக் கண்டுபிடிக்க நீலச்சாயம், கதிரியக்கம் கொண்ட நுண்துகள் ஆகியவற்றைப் பயன்படுத்துகிறார்கள். கதிரியக்கம் இல்லாத இரும்புத் துகளுக்கும் 2018இல் அமெரிக்கா அனுமதி வழங்கியது. ஊசி போட்ட இடத்தில் தோல் சில காலம் பழுப்பாக நிற்கலாம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மேலே சொன்ன கணுச் சோதனைகள் எல்லாம் நோய் எவ்வளவு தூரம் பரவியது என்று பார்ப்பதற்கே. அன்ரிக்குத் தேவைப்பட்டதோ இந்தக் கட்டி என்ன என்ற கேள்விக்கான விடை. அதற்கு வைத்தியர் கையால் சோதிப்பதும், மமோகிராம் அல்லது அல்ட்ராசவுண்ட் ஸ்கானும், ஊசியால் எடுக்கும் திசுச் சோதனையுமே வழி. இவை எமது அரச வைத்தியசாலைகளில் இலவசம். சென்னைக்குப் போகவும் வேண்டாம், காப்பை விற்கவும் வேண்டாம்.

“மருந்து ஏற்றி” எடுக்கும் ஸ்கான்

ஸ்கானுக்கு மருந்து ஏற்றவேண்டும் என்றதும் பயப்படுவோர் பலர். எம்.ஆர்.ஐ.க்கு வழமையாக ஏற்றுவது கடோலினியம், சி.ரி.க்கு அயடீன் கலந்த மருந்து. இவை நனோ துகள்கள் அல்ல. படம் தெளிவாக விழுவதற்காகவே ஏற்றப்படுகின்றன. சிறுநீரக நோய், ஆஸ்துமா, முன்பு ஏதேனும் ஊசிக்கு ஏற்பட்ட ஒவ்வாமை, கர்ப்பம், தாய்ப்பால் கொடுத்தல், நீரிழிவுக்குக் குடிக்கும் மாத்திரை ஆகியவற்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு மறைக்கவேண்டாம்.

அடுத்த கிழமை

அடுத்த கிழமை நான் அன்ரியோடு நாரஹேன்பிட்டியில் உள்ள புற்றுநோய் ஆரம்பக் கண்டறிதல் நிலையத்துக்குச் சென்றேன். போகுமுன் ஒரு கடதாசியில் “இடது மார்பில் கட்டி, ஏப்ரல் முதல், நோவில்லை” என்று சிங்களத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைத் தாதியிடம் நீட்டினார். ஒரு வார்த்தையும் பேசவேண்டி வரவில்லை.

சோதனைகளில் புற்றுநோய் என்றே வந்தது. அறுவைச்சிகிச்சை முடிந்தது. அக்குளில் இரண்டு கணுக்களில் நோய் இருந்தது. இப்போது மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையில் மருந்தேற்றுகிறார்கள். சித்திரையிலேயே வந்திருந்தால் அந்த இரண்டு கணுக்களிலும் நோய் இருந்திருக்குமா என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

மகளுக்குச் சொன்னபோது அவள் அழுதது நோய்க்காக அல்ல. “எனக்கு மறைச்சிட்டியள் அம்மா” என்றுதான் அழுதாள். கலியாணப் பேச்சு தை மாதத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது, குழம்பவில்லை. மாப்பிள்ளையின் தாய் சோறும் சொதியும் கொண்டு வைத்தியசாலைக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்.

சகோதரிகளே, இலங்கைப் பெண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. இருபது வயதிலிருந்து மாதம் ஒருமுறை, மாதவிடாய் முடிந்த சில நாட்களில், உங்கள் மார்பகங்களையும் அக்குளையும் விரல்களால் தடவிப் பாருங்கள். மாதவிடாய் நின்றவர்கள் மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். 20 முதல் 40 வயது வரை மூன்று வருடத்துக்கு ஒருமுறையும், அதன் பின் வருடந்தோறும் வைத்தியரிடமோ பயிற்சி பெற்ற தாதியிடமோ காட்டுங்கள். 1996இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக்குகள் இதற்காகவே உள்ளன. எந்த நாளில் நடக்கிறது என்று உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். கட்டி, முலைக்காம்பு உள்ளிழுத்தல், இரத்தக் கசிவு, தோல் சுருங்குதல் எதுவாயினும் நோகாவிட்டாலும் காட்டுங்கள்.

மொழி தடையாக இருந்தால் எங்களிடம் வாருங்கள். கடதாசியில் எழுதித் தருவோம், கூடவும் வருவோம்.